இன்னொருக்கா என்று சொல்ல முடியாத இருபத்தாறு நிமிடங்கள்

1. ஆறு வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் பல்கலைக்கழக மறுதேர்வு நிகழ்ச்சி நேரலையில் தொடங்கியது. நீளம் இருபத்தாறு நிமிடம். மூன்று கமராக்கள். இயக்கியது நான்.

2. ஆறாவது நிமிடத்தில் இரண்டாம் கமராவின் படத்தை எடுத்தேன். அதன் தலையில் இருந்த சிவப்பு விளக்கு எரிந்தது.

3. எங்கள் தொகுப்பாளினிக்குச் சேலை கட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்த விருந்தினர் ஜெயா அன்ரி, வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அந்தக் கமராவைப் பார்த்துச் சிரித்தபடி அசையாமல் நின்றார்.

4. முதலாம் கமராவுக்கு மாறினேன். அதன் விளக்கு எரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி, தொகுப்பாளினியின் நாடியைப் பிடித்து அவள் முகத்தையும் திருப்பி, மறுபடி சிரித்தார்.

5. மூன்றாம் கமராவுக்கும் அதே மரியாதை கிடைத்தது. இப்படியே இரண்டரை நிமிடம் போனது.

6. நான் ஹெட்செற்றில் ஒரு சொல் சொன்னேன்: "இன்னொருக்கா."

7. தளத்தில் நின்று என் சொல்லை விருந்தினருக்குக் கொண்டுபோக வேண்டியவள் மரி. ஒலிவாங்கி திறந்திருந்ததால் அவள் வாயைத் திறக்கவில்லை. விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள்.

8. ஜெயா அன்ரி தலையாட்டினார். ஊசிகளைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, கட்டிய சேலை முழுவதையும் அவிழ்த்து உதறி, முதலிலிருந்து தொடங்கினார். அப்போது ஒன்பதாவது நிமிடம்.

லா சப்பலில் நம்முடைய இந்தச் சின்ன இணையத் தொலைக்காட்சி ஸ்ரூடியோவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்காகவும் இதை எழுதுகிறேன். வருகிற திங்கள் முதல் நான் இங்கே இல்லை. கேபிள் எங்கே போகிறது, எந்தப் பொத்தான் எதற்கு என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்ட முடியாததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் நீளமாக வாசிக்கக் கஷ்டம் என்றால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

நான் பல கமராத் தயாரிப்பைப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். ஆனால் கமராவை முதலில் பிடித்தது அங்கே இல்லை. படிக்கிற காலத்தில் சனி, ஞாயிறுகளில் ஒபர்வில்லியே பக்கம் மண்டபங்களில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்கிற பூப்புனித விழா எல்லாம் வீடியோ எடுக்கிற ஓர் அண்ணையுடன் இரண்டாவது கமராவாகப் போவேன். நீங்களும் அந்த மண்டபங்களில் வளர்ந்தவர்கள்தான், அங்கே சட்டம் யாருடையது என்பது தெரியும். ஐயர் சொல்வதற்கு மேல் வீடியோக்காரர் சொல்வது.

"ஐயா, தாலியைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ. மாப்பிள்ளை, இஞ்சை பாருங்கோ. அன்ரி, மறைக்கிறீங்கள். சரியா விழேல்லை, இன்னொருக்கா!"

இன்னொருக்கா என்றால் ஐயர் இன்னொரு முறை தூக்குவார். ஆரத்தி இன்னொரு முறை சுற்றும். கமராவின் முன்பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவாகிறது என்று அர்த்தம். "சிவப்பு லைற் எரிஞ்சா அசையாதேங்கோ" என்று அண்ணை எல்லோரையும் பழக்கி வைத்திருந்தார். சத்தம் கூடிய இடங்களில் விரலால் ஒரு வட்டம் போட்டால் போதும், சனம் புரிந்துகொண்டு திரும்பச் செய்யும். நானும் அந்த வட்டத்தை நூறு தரம் போட்டிருப்பேன். அதை மரிக்குக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். ஒத்திகையில் உதவும் என்று.

ஜெயா அன்ரி அந்த மண்டபங்களில் பொம்பிளைக்கு, அதாவது மணப்பெண்ணுக்கு, அலங்காரம் செய்கிறவர். ரூ காய் தெருவில் சேலைக் கடை ஒன்றின் பின்னறை அவருடையது. முதல் தேர்வில் நான் இருபதுக்கு எட்டு வாங்கியிருந்தேன். நிகழ்ச்சி நாற்பது விநாடி நீண்டு, முடிவு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. பிழை என்னுடையதானாலும் குழு முழுவதற்கும் மறுதேர்வு. பட்டத்துக்குப் பத்து போதும். எனக்குப் பத்து போதாது. விளையாட்டுப் போட்டிகளை நேரலையாகக் காட்டும் ஒரு நிறுவனம் செப்டெம்பரில் என்னை உதவி இயக்குநராகப் பயிற்சிக்கு எடுப்பதாகக் கடிதம் தந்திருந்தது. கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை: இயக்கத்தில் பன்னிரண்டு.

அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு விடயத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கைத்தொழிலைக் காட்டுவது, தொடக்கமும் முடிவும் உள்ள வேலை. தொகுப்பாளினி கமீய் சேலையே கட்டாதவள். கறுப்பு ரீசேட்டும் காற்சட்டையுமாக வந்து நிற்பாள். கேள்வி கேட்கக் கேட்க அவளுக்கே சேலை கட்டுப்படும். முடிவில் சேலையோடு நடந்து காட்டுவாள். இதை முதல் நிமிடத்திலேயே பார்வையாளருக்குச் சொல்லிவிடுவோம். சொன்னதைக் கொடுக்காவிட்டால் மதிப்பெண் போகும், நின்றுபோனால் பூச்சியம்.

அன்ரியைக் கேட்கக் கடைக்குப் போனேன்.

"அன்ரி, புதன்கிழமை ரெண்டு மணித்தியாலம் வருவீங்களோ? எனக்கு எக்சாமன்."

"எக்சாமன் உனக்கு, சீலை கட்டுறது நான். அப்ப ஆர் பாஸ் பண்ணுறது?"

"ரெண்டு பேரும்தான் அன்ரி."

"பிரெஞ்சிலை கதைக்க வேணுமோ?"

"ஓம். கடையிலை வெள்ளைக்காரச் சனத்தோட கதைக்கிற மாதிரிக் கதைச்சாக் காணும்."

"அதுகளோட நான் கதைக்கிறதே இல்லையடி, கையாலைதான் காட்டுறனான். சரி, நான் என்ன சீலை உடுக்கிறது?"

ஒத்திகை திங்கட்கிழமை நடந்தது. மிக நன்றாக நடந்தது. அன்ரி பகிடி விட்டார், கமீயின் இடுப்பைப் பார்த்து ஒரு கருத்துச் சொன்னார், நேரம் சரியாக வந்தது. என்னிடம் முப்பத்தொரு வரிப் பட்டியல் ஒன்று இருந்தது. ஊசி எத்தனை, மாற்றுச் சேலை, தண்ணீர், அன்ரியின் வளையல் சத்தம் ஒலிவாங்கியில் விழுமா என்பது வரை எல்லாவற்றுக்கும் நேரே சரி போட்டேன். அன்று ரெஜியை, நாங்கள் கட்டுப்பாட்டு அறையை அப்படித்தான் சொல்வோம், வேறு குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். எனவே ஒரு கமராவைத் தனியே வைத்துத்தான் பார்த்தோம். சிவப்பு விளக்குகள் ரெஜியில் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் எரியும். ஆகவே திங்கட்கிழமை ஒரு விளக்கும் எரியவில்லை. பட்டியலில் முப்பத்திரண்டாவது வரி இல்லை.

அந்த இரண்டரை நிமிடமும் நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அன்ரி பதற்றப்படுகிறார் என்று நினைத்தேன். கமராக்களை வேகமாக மாற்றினால் மறைக்கலாம் என்று மாற்றினேன். மாற்ற மாற்ற அவர் திரும்பித் திரும்பி நின்றார். என் மேசையில் எரிந்த அதே சிவப்பு அவருடைய கண்ணுக்கு முன்னாலும் எரிகிறது என்பது எனக்குப் படவில்லை. அவருக்குப் பதற்றமே இருக்கவில்லை. இத்தனை வருடம் வீடியோக்காரர் பழக்கியதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார்.

பிறகு அந்தச் சொல் வந்தது. ஹெட்செற்றில் நாங்கள் பேசுவது பிரெஞ்சு. கமராவில் நின்ற மூன்று பேருக்கும் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நெருக்கடியில் என் வாய் தேர்வு அறையை விட்டு மண்டபத்துக்குப் போய்விட்டது. யோசித்துச் சொல்லியிருந்தால் பிரெஞ்சில் சொல்லியிருப்பேன். பிரெஞ்சில் யோசித்திருந்தால் சொல்லியே இருக்க மாட்டேன்.

சேலை தரையில் விழுந்ததும் கமீய் கையிரண்டையும் தூக்கியபடி நின்றாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அவளை நான் அன்றிலிருந்து மதிக்கிறேன். எனக்குத் தெரிந்த வழிகள் மூன்று. அகலமான படத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு விடுவது. கமீயைக் கொண்டு மன்னிப்புக் கேட்க வைப்பது. பதினெட்டாம் நிமிடத்துக்கென்று வைத்திருந்த, கடைத்தெருவைக் காட்டும் தொண்ணூறு விநாடிப் பதிவை இப்போதே ஓட விடுவது. மூன்றாவதைச் செய்தேன். பதினெட்டாம் நிமிடத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும் என்று தெரிந்தே செய்தேன். தொண்ணூறு விநாடி யோசிப்பதற்கு அதை விட்டால் வேறு இடம் இல்லை.

பதிவு ஓடும்போது ஸ்ரூடியோவின் சத்தம் வெளியே போகாது. ரெஜிக்கு மட்டும் கேட்கும்.

"என்ன பிள்ளை, சரியா விழேல்லையோ?" என்று அன்ரி மரியைக் கேட்டார். "கொசுவம் வடிவாத்தானே வந்தது."

மரியின் வீட்டார் பாண்டிச்சேரிக்காரர். "நல்லாத்தான் இருந்துச்சு அன்ட்டி. ஆனா இது நேரலை. போனா போனதுதான், திரும்ப எடுக்க முடியாது."

"அப்ப ஏன் திரும்பச் செய்யச் சொன்னனீர்?"

"நான் சொல்லல. மேல இருக்கறவ சொன்னா."

"அவளோ! அவள் கல்யாண ஹோலிலையும் உப்பிடித்தான். ஒரு பொம்பிளைக்கு ஏழு தரம் பூ வைக்கப் பண்ணினவள். ஏழாந்தரம் பூ வாடிப்போச்சு."

கமீய் பிரெஞ்சில், "யாராவது எனக்கும் சொல்கிறீர்களா?" என்றாள்.

எழுபது விநாடி இருந்தது. இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டும்.

கமராவைப் பார்க்காதீர்கள் என்று விருந்தினரிடம் சொல்லத்தான் எல்லோருக்கும் வாய் வரும். சொன்னால் அவர் கமராவைப் பார்க்காமல் இருப்பதையே வேலையாகச் செய்துகொண்டு நிற்பார். இயல்பாக இருங்கள் என்று சொன்னால் அதைவிட மோசம். அன்ரிக்குத் தெரிந்த வேலையில் கமரா இல்லாத ஓர் இடம் இருந்தது. மண்டபத்தின் உடுப்பு மாற்றும் அறை. அதற்குள் வீடியோ அண்ணையை ஒருவரும் விடமாட்டார்கள். கதவைத் தட்டுவோம், உள்ளேயிருந்து ஏச்சு வரும், திரும்பிவிடுவோம்.

முதலில் சிவப்பு விளக்குகளுக்கான சுவிச்சை அணைத்தேன். பிறகு தளத்து ஒலிபெருக்கியைத் திறந்தேன்.

"அன்ரி, நான்தான் கதைக்கிறன். என்ரை பிழை. இனித் திரும்பக் கேக்க மாட்டன். இப்ப நீங்கள் உள்ளறையிலை நிக்கிறீங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிசம் இருக்கு. ஐயர் வெளியிலை கத்துறார். பொம்பிளை இன்னும் வெளிக்கிடேல்லை."

அன்ரியின் குரல் முழுதாக மாறியது.

"பத்து நிமிசமோ? அதுக்கு ஏனடி இவ்வளவு கதை? இஞ்சை வா பிள்ளை, நிமிந்து நில்."

இருபது விநாடி இருக்கும்போது சேலை இடுப்பில் ஒரு சுற்று வந்துவிட்டது. மீண்டும் நேரலைக்கு வந்தபோது நான் திங்கட்கிழமை கண்ட அன்ரியைவிட வேகமான ஒருவர் திரையில் இருந்தார். கமராவைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வாயில் ஊசி. பிரெஞ்சில் கமீயை அதட்டினார்: மூச்சை விடாதே, கையை இறக்கு, காலைப் பரப்பாதே, கல்யாணம் உனக்கா எனக்கா? கமீயின் கேள்விக்கு ஊசிக்கு இடையால் பதில் வந்தது. ரெஜியில் எனக்குப் பின்னால் இருந்த நடுவர் மூவரில் ஒருவர் சிரித்தது கேட்டது.

அந்தச் சிரிப்பில் நான் மயங்கினேன். "மூன்று" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். மூன்றாம் கமராவில் நின்றவன் அப்போது இடம் மாறிக்கொண்டிருந்தான். விளக்கு எரியாவிட்டால் தன் படம் வெளியே போகிறது என்று அவனுக்குத் தெரியாது. மூன்று விநாடி ஸ்ரூடியோவின் கூரையையும் கம்பிகளையும் எல்லோரும் பார்த்தார்கள். விளக்கை அணைத்தது நான். அது செய்துவந்த வேலையை என் குரல் செய்ய வேண்டும் என்று யோசிக்காததும் நான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் "மூன்று, தயாரா?" என்று கேட்டு, "தயார்" என்று பதில் வந்த பிறகுதான் அழுத்தினேன். மெதுவாகத்தான் போனது. ஆனால் கூரை மறுபடி வரவில்லை. நாங்கள் இங்கே விளக்கு எரிந்தாலும் வாயால் கேட்பது அதனால்தான். இதைப் பழங்கால வழக்கம் என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

சேலை பத்தொன்பதாம் நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஐயர் கத்துகிறார் என்றால் அன்ரி அவ்வளவு வேகம். கமீய் நடந்தாள். நன்றாகவே நடந்தாள். ஏழு நிமிடம் மீதி, கையில் பதிவு இல்லை. கமீயின் காதுக்கருவியில் சொன்னேன்: "கேள்வி அட்டையை விடு, உனக்குத் தெரிய விருப்பமானதைக் கேள்."

அவள் கேட்டாள்: "நீங்கள் அலங்கரித்த கல்யாண வீடியோக்களில் உங்களைப் பார்ப்பீர்களா?"

அன்ரி ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். "பார்ப்பேன். என் கை வரும். முந்தானையைச் சரிசெய்யும் கை, அவ்வளவுதான். முகம் வர முன்னம் வெட்டிவிடுவார்கள். முதல் தரம் வீடியோவை எனக்கு அனுப்பியபோது என் மகளைக் கூப்பிட்டு, இதோ அம்மா என்று காட்டினேன். எங்கே என்று கேட்டாள்."

அந்த வீடியோக்களை வெட்டித் தொகுக்கும் வேலையில் பாதி என்னுடையது. அண்ணை சொல்லித் தந்திருந்தார்: உதவிக்கு நிற்கும் ஆட்கள் படத்துக்குள் வந்தால் எடுத்துவிடு. எடுத்திருக்கிறேன். அப்போது திரையில் இரண்டாம் கமரா இருந்தது. சட்டகத்தில் அன்ரியின் கைகளும் ஊசிப் பெட்டியும். "ஒன்று, தயாரா? முகம்" என்றேன். தயார் என்று வந்தது. மாற்றினேன். மிச்ச நிமிடங்களில் அதிகம் மாற்றவில்லை. அவர் பேசினார், கமீய் கேட்டாள், கேள்விகள் தேவைப்பட்டது கொஞ்சம்தான். இருபத்தாறு நிமிடம் சரியாக முடிந்தது.

நடுவர்கள் கூப்பிடும் வரை வெளி நடைக்கூடத்தில் நின்றோம். அன்ரிக்குக் கடையைத் திறக்க வேண்டும் என்று உடனே மெற்றோவுக்குப் போய்விட்டார். மரி என்னைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சொன்னாள்:

"அந்த வட்டம் நானா போட்டதுன்னு சொல்லிடறேன். நீ தமிழ்ல என்ன சொன்னேன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குப் பத்து வந்தா போதும். உனக்குத்தான் அந்தக் கம்பெனி கோந்த்ரா இருக்கு."

"வேண்டாம்."

"லூசு மாதிரி பேசாத. யோசிச்சு சொல்லு."

யோசித்தேன். அது பொய்யும்கூட அல்ல, வட்டம் போட்டது அவள் விரல்தான். பன்னிரண்டு வேண்டும் என்ற கடிதம் என் பையிலேயே இருந்தது. ஆனால் தளத்தில் நிற்பவர் ரெஜி சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வதால்தான் நேரலை நடக்கிறது. அப்படிச் செய்ததற்காக அவள் மதிப்பெண் இழந்தால், அடுத்த முறை நான் சொல்வதை எவரும் ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் செய்வார்கள். இதை அப்போது இவ்வளவு தெளிவாக எண்ணினேன் என்று சொல்ல மாட்டேன். மரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளை அதைச் சொல்ல விட என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே நடுவர்களில் ஒருவரான எங்கள் ஆசிரியை முதல் கேள்வியாக அதையே கேட்டார். "ஒன்பதாவது நிமிடத்தில் தளத்தில் என்ன நடந்தது?"

"தளத்தில் ஒன்றும் இல்லை. நான் திரும்பச் செய்யச் சொன்னேன். நேரலையில். தமிழில்."

"ஏன்?"

"பழக்கம்."

அவர் எழுதிக்கொண்டார். நிமிர்ந்து, "விளக்கை அணைத்தது?" என்றார்.

"அதுவும் நான். கமராக்காரர்களுக்குச் சொல்லாமல் அணைத்தேன். கூரை தெரிந்தது அதனால்."

அதையும் எழுதிக்கொண்டார். வேறு கேள்வி இல்லை.

ஒரு வாரத்தில் மதிப்பெண் வந்தது. தளப் பணிக்கு மரிக்குப் பதினான்கு. கமீய்க்குப் பதினாறு. கமராக்காரர் மூவரும் தேறினார்கள். இயக்கத்துக்கு எனக்குப் பத்து. பட்டம் கிடைத்தது. நிறுவனத்துக்கு மதிப்பெண்ணை அனுப்பினேன், மூன்று வரியில் வருத்தம் தெரிவித்து அஞ்சல் வந்தது. தான் சொன்னபடி விட்டிருந்தால் பன்னிரண்டு வந்திருக்குமா என்று மரி ஒரு முறை கேட்டாள். வந்திருக்கலாம். மதிப்பெண்ணைப் பிரித்துப் போட்ட தாளை நான் கேட்டு வாங்கவில்லை.

இப்போதைய நிலை இது. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. நான் இரண்டு வருடம் நாட்கூலியில் கேபிள் இழுத்தேன், பிறகு இங்கே வந்தேன், நாலு வருடம் இயக்கினேன். திங்கட்கிழமை லியோனில் ஒரு வெளிப்புற ஒளிபரப்பு வண்டியில் சேருகிறேன். பதவி உதவி இயக்குநர், முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். இங்கே விருந்தினர் ஒத்திகை மூன்று கமராவின் விளக்கும் எரியாமல் நடக்கக் கூடாது. அது உங்கள் பட்டியலில் முதல் வரியாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு நேரலையை யார் இயக்குவது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஐந்து பேரும் பேசி வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயரை எழுதித் தாருங்கள்.